செக்போஸ்ட் தாண்டினால் கூச்சமில்லை

குமுளியில் தமிழ்நாட்டு பஸ்ஸை விட்டு இறங்கி செக்போஸ்ட்டைக் கடந்தால், ஏலக்காயும் மிளகும் நேந்திரம் சிப்ஸும் விற்கிற கடைகள் வரிசை கட்டி நிற்கும். சுற்றுலாப் பயணிகளின் கண்ணில் படுவது அவை மட்டுமே. உள்ளூர்க்காரர்கள் பார்ப்பது சுவர்களையும் மின்கம்பங்களையும். தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ்கள்: மாதத்தில் இன்ன தேதி, இன்ன லாட்ஜ், அறை எண், ரகசியம் காக்கப்படும் என்ற உறுதிமொழி. கோவையிலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காடு போகும்போதும் இதே காட்சிதான். இரண்டு எல்லைகளுக்கும் நடுவே எத்தனையோ மலைகள். நோட்டீஸின் வாசகம் மட்டும் மாறுவதில்லை.

எனக்குத் தெரிந்த கம்பத்துக்காரர் ஒருவர். வயது 54. வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். காய் விலை பற்றி ஒரு கட்டுரை எழுதப் போனபோது அறிமுகமானவர். பத்து வருடப் பழக்கம். பெயர் வேண்டாம். சில மாதங்களுக்கு முன் குமுளியில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு விஷயத்தைச் சொன்னார். மூன்று வருடமாகவே 'சரியில்லை'யாம். முதலில் லாட்ஜ் வைத்தியரிடம் லேகியம். பிறகு யாரோ சொன்னார்கள் என்று சீன மூலிகை கேப்ஸ்யூல், மூன்று பெட்டி. கடைசியாக, கூரியரில் வரவழைத்த ஒரு பம்பு. "மொத்தத்துல பதினஞ்சு இருபது கிலோ காய்க்காசு போயிருச்சு சார்" என்றார். ஏலத்தோட்டக்காரர்கள் நஷ்டத்தை ரூபாயில் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. போன வருடம் தோட்டத்துச் சரிவில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்திருக்கிறது. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். சர்க்கரை 300-க்கு மேல். இதய ரத்தக் குழாயில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள சார்பிட்ரேட் கொடுத்திருக்கிறார்கள். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கேப்ஸ்யூல் பெட்டி கைப்பையில் இருந்தது. அதையும் காட்டினார். இதய டாக்டரிடம் கேப்ஸ்யூலைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன். "அவர்கிட்ட எப்படி சார் சொல்றது? அது நெஞ்சுக்கான டாக்டர்."

அந்த இரண்டும் ஒரே ஆளின் உடம்புக்குள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் எல்லையைப் பற்றிக் கொஞ்சம்.

கம்பத்துக்காரர் குமுளிக்குப் போகிறார். குமுளிக்காரர் கம்பத்துக்கு இறங்குகிறார். கொழிஞ்சாம்பாறைக்காரர் பொள்ளாச்சிக்கு வருவார். பொள்ளாச்சிக்காரர் கோவிந்தாபுரம் தாண்டிக் கொல்லங்கோட்டுக்குப் போவார். மருந்து அங்கே உசத்தி என்பதற்காக அல்ல. சொந்த ஊர் மருந்துக்கடையில் கேட்டால் கடைக்காரர் மச்சானுக்குச் சிநேகிதராக இருப்பார். செக்போஸ்ட் தாண்டினால் முகம் தெரியாத முகம். ஒரு மாநிலத்தின் எல்லை, மனிதர்களின் கூச்சத்துக்கு இவ்வளவு வசதியாக இருக்கும் என்று 1956-இல் மாநிலங்களைப் பிரித்தவர்கள் நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். இப்போது செல்போனிலேயே ஆர்டர் செய்யலாம், வெளியே எதுவும் அச்சிடாத அட்டைப்பெட்டியில் வந்து சேரும். ஆனாலும் பலர் அதை வீட்டு முகவரிக்கு வரவழைப்பதில்லை. நம் நண்பரும் பம்பைத் தோட்டத்து ஸ்டோருக்குத்தான் வரவழைத்திருந்தார்.

பாதி நோய் பெயரில் இருக்கிறது. 'ஆண்மைக் குறைவு' என்கிறோம். ஆண்மை என்றால் தமிழில் வீரம், ஆளுமை, ஊக்கம் எல்லாம்தான். ஒரு உறுப்புக்கு ரத்தம் போதவில்லை என்றதும் ஆளே குறைந்துபோனவன் என்று முத்திரை குத்திவிடுகிறது இந்தச் சொல். மலையாளத்தில் 'உத்தாரணக்குறவு' என்று எழுதுகிறார்கள். எழும்புவதில் குறை, அவ்வளவே. இயந்திரத்தின் பழுதைச் சொல்வதுபோல. ஆங்கிலத்திலும் பழைய சொல்லில் இதே அவமானம் இருந்தது. 1992 டிசம்பரில் அமெரிக்க தேசிய சுகாதார நிலையம் கூட்டிய நிபுணர் மாநாடு அந்தச் சொல்லை விட்டுவிடச் சொன்னது. நாம் 'விறைப்புக் குறைபாடு' என்று சொல்லிப் பழகலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது வரையுள்ள சுமார் 1,300 ஆண்களிடம் கேட்டு 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஏதோ ஒரு அளவில் இந்தக் குறை இருப்பதாகச் சொன்னவர்கள் 52 சதவீதம். லாட்ஜ் அறைக்கு வெளியே தலை குனிந்து உட்கார்ந்திருப்பவர் தான் ஒருவர்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

சீனக் கேப்ஸ்யூலுக்கு வருவோம். 'மூலிகை' என்ற சொல்லும் 'சீன' என்ற சொல்லும் சேர்ந்தால் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம். ஐயாயிரம் வருடப் பழமை, பக்க விளைவு இல்லை என்று பெட்டியில் போட்டிருக்கும். 2008-இல் சிங்கப்பூரில் நடந்ததைப் பார்க்கவேண்டும். ஜனவரியிலிருந்து மே வரை, சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தத்தில் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கி அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். ஏன் என்று டாக்டர்களுக்குப் புரியவில்லை. சோதித்தபோது 127 பேரின் ரத்தத்திலோ சிறுநீரிலோ கிளிபென்கிளமைடு இருந்தது. சர்க்கரை நோயாளிகள் சாப்பிடும் அதே மாத்திரை மருந்து. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற கேப்ஸ்யூல்கள். அவற்றில் வயாகராவின் மூலப்பொருளான சில்டெனாஃபிலும் இருந்தது. 7 பேர் கோமாவிலிருந்து மீளவில்லை. அவர்களில் 4 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிற பெட்டிகளில் கோடாலித் தைலத்தோடு வேறு என்னென்ன வருகிறது என்பது நமக்குத் தெரியாத விஷயம் அல்ல.

கிளிபென்கிளமைடு கலந்தது யாருடைய கவனக்குறைவோ. ஆனால் சில்டெனாஃபில் கலப்பது கவனக்குறைவு அல்ல, அதுதான் வியாபாரம். மூலிகை வேலை செய்கிறது என்று வாங்கியவர் நம்புவதற்காக மாத்திரையை இடித்துப் போடுகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படிப் பிடிபட்ட 'இயற்கை' கேப்ஸ்யூல்களின் பெயர்களை ஆண்டுதோறும் வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது.

இங்கேதான் நம் நண்பரின் சட்டைப் பை வருகிறது. சார்பிட்ரேட் ரத்தக் குழாய்களை விரித்து நெஞ்சு வலியைக் குறைக்கிறது. சில்டெனாஃபிலும் அதே பாதையில்தான் வேலை செய்கிறது. உடம்பில் உண்டாகும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயு கொடுக்கும் சைகையைச் சார்பிட்ரேட் கூட்டுகிறது. அந்தச் சைகை அணையாமல் சில்டெனாஃபில் பார்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். மயக்கம் வரலாம், மாரடைப்பு வரலாம், உயிரும் போகலாம். டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரை என்றால் சார்பிட்ரேட் சாப்பிடுகிறீர்களா என்று முதலில் கேட்பார். கேப்ஸ்யூல் பெட்டி எதையும் கேட்பதில்லை. அதில் மூலிகைதானே இருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், சீன வைத்தியத்தில் இதற்காகப் பேசப்படும் வேர்களில் ஒன்று நம் ஊர்ச் சரக்கு. நிலப்பனை. புல்லைப்போல் இலை, தரையோடு ஒட்டி மஞ்சள் பூ, அடியில் கறுத்த கிழங்கு. கேரளத்தில் தசபுஷ்பம் என்று கொண்டாடும் பத்துச் செடிகளில் ஒன்று. சித்த வைத்தியர்கள் நிலப்பனைக் கிழங்கைத் தாது புஷ்டிக்குச் சேர்ப்பார்கள். சீனர்கள் இதை 'ஷியன் மாவ்' என்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் 'பிராமண ஜின்செங்'. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து போன பிராமணத் துறவி ஒருவர் தாங் வம்சப் பேரரசருக்குக் கொடுத்தது என்று அவர்களுடைய பழைய மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பாலக்காட்டு வேலியோரத்தில் சும்மா முளைக்கும் கிழங்கு 1,300 வருடம் சுற்றி வந்து, சீன எழுத்து போட்ட பெட்டியில் நம்மிடமே விலைக்கு வருகிறது. வேலை செய்கிறதா? எலிகளிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். மனிதர்களிடம் நம்பும்படியான சோதனை இல்லை. இதில் நஞ்சுத்தன்மை உண்டு என்று சீன மருந்து நூல்களே எச்சரிக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடு மேய்ப்பவன் கண்டுபிடித்தது என்று கதை சொல்லும் யின்-யாங்-ஹுவோ இலையில் இருக்கும் ஒரு பொருள், சோதனைக் குழாயில் சில்டெனாஃபிலைப்போல் லேசாக நடந்துகொள்கிறது. சோதனைக் குழாய் வேறு, தாம்பத்தியம் வேறு. ஜின்செங்கைப் பற்றிய மனிதச் சோதனைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வு, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் பலன் அற்பமே என்றது. அக்குபங்சருக்கும் இந்தக் குறைக்குப் போதுமான சான்று இல்லை.

சீனர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இதே மலைகளில் கருங்குரங்கு லேகியம் என்று ஒன்று இருந்தது. பலத்துக்கும் வீரியத்துக்கும் இளைப்புக்கும் என்று சொல்லி சைலன்ட் வேலியிலிருந்து பெரியாறு வரை நீலகிரிக் கருங்குரங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் திருட்டு வேட்டை சட்டென்று நின்றுவிடவில்லை. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் பிடித்த கடல்குதிரைகள் காய்ந்து சருகாகிச் சீன மருந்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2001-இல்தான் அதற்குத் தடை வந்தது. மனிதன் தன் டாக்டரிடம் வாய் திறக்காததற்குக் குரங்கும் கடல்குதிரையும் விலை கொடுத்தன.

இப்போது அந்தப் பம்பு. எனக்கு அதன் கதை பிடிக்கும். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஆகஸ்டா நகரில் கெடிங்ஸ் ஆஸ்பன் என்று ஒருவர். டாக்டர் அல்ல, டயர் தொழில் செய்தவர். 1960-களில் தனக்கே இந்தக் குறை வந்தபோது, காற்றையும் குழாயையும் நன்கு தெரிந்த அந்த மனிதர் தனக்குத் தானே ஒரு கருவி செய்துகொண்டார். தத்துவம் மிக எளிது. ஒரு பிளாஸ்டிக் உருளை. அதிலிருந்து காற்றை உறிஞ்சினால் வெற்றிடம் உண்டாகி ரத்தம் உள்ளே இழுக்கப்படும். பிறகு அடியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினால் ரத்தம் அங்கேயே நிற்கும். வியன்னாவைச் சேர்ந்த ஒருவர் 1917-லேயே இதுபோன்ற ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், ஆனால் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது ஆஸ்பன். டாக்டர்கள் முதலில் சிரித்தார்கள். 1982-இல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. 1996-இல் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஊசி, அறுவை சிகிச்சை ஆகியவற்றோடு பம்பையும் முறையான சிகிச்சையாகச் சேர்த்துக்கொண்டது. இரண்டு வருடம் கழித்து, 1998 மார்ச்சில் வயாகரா வந்தது. பம்பு பின்னுக்குப் போய்விட்டது. 2001-இல் இந்திய நிறுவனங்களும் சில்டெனாஃபில் தயாரிக்க ஆரம்பித்தன. இன்று டாக்டர் சீட்டோடு மாத்திரை ஒன்று சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது. லேகிய டப்பாவின் விலையில் மாதக்கணக்கில் சாப்பிடலாம்.

பம்பு நோயைக் குணப்படுத்துவதில்லை. அப்படிச் சொல்லி விற்பவன் பொய் சொல்கிறான். பெரிதாக்கும் என்பதும் பொய். அந்த நேரத்துக்கு வேலையை முடித்துக் கொடுக்கும், அவ்வளவே. வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கொஞ்சம் சில்லென்று இருக்கும், மரத்துப்போன மாதிரி இருக்கும், சிலருக்குக் கன்றிப்போகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக்கூடாது. பாலக்காட்டு எல்லையில் இன்னொரு எச்சரிக்கையும் அவசியம். அட்டப்பாடி பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் பரவலாக இருக்கிறது. ரத்த அணுக்கள் அரிவாள் வடிவில் வளைந்து குழாய்களை அடைக்கும் பரம்பரை நோய். இந்த நோய் உள்ள ஆண்களுக்கு விறைப்பு மணிக்கணக்கில் அடங்காமல் வலியோடு நிற்கும் ஆபத்து உண்டு. அவர்களுக்குப் பம்பும் வளையமும் ஆகாது. நான்கு மணி நேரம் தாண்டினால் யாராக இருந்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடவேண்டும். கூரியர் பெட்டியில் வரும் துண்டுச் சீட்டில் இது அச்சிட்டிருந்தாலும், எந்த மொழியில், எந்த எழுத்தளவில் என்பது கேள்வி. பெருநகர கிளினிக்குகளில் 'அதிர்வலை' சிகிச்சை என்று புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது, ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். அது இன்னும் ஆய்வு நிலையில் இருப்பது என்று 2018-இல் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் சொன்னது.

இவ்வளவும் சொன்னாலும் முக்கியமான விஷயம் வேறு. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் 1, 2 மில்லிமீட்டர் தடிமன்தான். இதயத்துக்குப் போகிறவை 3, 4 மில்லிமீட்டர். சர்க்கரை, புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத்தான் கெடுக்கின்றன. ஆனால் சின்னக் குழாய் முதலில் அடைபடும். வாய்க்காலில் தண்ணீர் குறைந்த பிறகுதான் ஆற்றில் குறைவது தெரியும் என்பதை விவசாயிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. இத்தாலியில் நெஞ்சு வலியோடு வந்த 300 ஆண்களை விசாரித்து 2003-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு விறைப்புக் குறை இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது நெஞ்சு வலிக்கு முன்பே வந்திருந்தது, சராசரியாக மூன்று வருடங்களுக்கு மேல் முன்பே. நம் நண்பரின் கணக்கும் ஏறக்குறைய அதுதான். லேகியத்துக்குப் பணம் கட்டிய அன்று ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்திருந்தால், சரிவில் நெஞ்சைப் பிடித்த அந்த நாள் வராமலே போயிருக்கலாம்.

எல்லா நேரமும் ரத்தக் குழாய்தான் காரணம் என்பதில்லை. கவலை, மனச்சோர்வு, குடி, சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனநோய் மாத்திரைகள் எதுவும் காரணமாகலாம். இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தாது போகிறது என்று பயந்து லாட்ஜ் வாசலில் நிற்கிறார் என்றால் அவருக்கு வேண்டியது லேகியமும் அல்ல, பம்பும் அல்ல; பத்து நிமிடம் பொறுமையாகப் பேசும் ஒரு டாக்டர். அந்தப் பத்து நிமிடம் நம் ஆஸ்பத்திரிகளில் கிடைப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரைக்கு மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் வருகிறவர் பெரும்பாலும் பக்கத்துத் தெருப் பெண். எந்த ஆண் அவரிடம் இதைச் சொல்வான்? ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளியின் காலைப் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்க்கிறார்கள். இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். மருந்து மற்றும் மாய சிகிச்சை விளம்பரச் சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. ஆண்மைக் குறைவுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம். முதல் தடவை ஆறு மாதம் வரை சிறை. மின்கம்பத்து நோட்டீஸ்கள் எல்லாம் அந்தச் சட்டத்தை மீறித்தான் தொங்குகின்றன. 2025-இன் தொடக்கத்தில் பாலக்காடு மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இதே சட்டத்தின் கீழ் மருந்து ஆய்வாளர் தொடர்ந்த வேறொரு விளம்பர வழக்கில், ஆஜராகவில்லை என்று பாபா ராம்தேவுக்கும் ஆச்சார்ய பாலகிருஷ்ணாவுக்கும் வாரன்ட் பிறப்பித்தது. பெரிய பெயர்களை அழைக்க முடிகிறபோது குமுளி மின்கம்பத்தைக் கவனிப்பது கஷ்டமாக இருக்கக் கூடாது.

நம் நண்பரை ஒருவழியாக மதுரையில் ஒரு சிறுநீரகவியல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கேப்ஸ்யூல் பெட்டியையும் பம்பையும் எடுத்து வரச் சொல்லியிருந்தேன். பம்பை வேட்டியில் சுற்றி, அதை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தார். டாக்டர் கேப்ஸ்யூலைப் பார்த்ததும் குப்பைக் கூடையைக் காலால் நகர்த்தினார். சார்பிட்ரேட் இருக்கும்வரை சில்டெனாஃபிலும் கிடையாது, யார் கொடுத்தாலும் சாப்பிடாதீர்கள் என்றார். தோட்டத்துச் சரிவில் இப்போது மூச்சு வாங்காமல் ஏற முடிகிறதா என்று கேட்டார். முடிகிறது. பிறகு பம்பைக் கையில் எடுத்தார்.

"இதுதான் உங்களுக்கு ஒத்து வரும்" என்றார். நண்பர் நம்பவில்லை. மூன்றிலும் அவர் அதிகமாக வெட்கப்பட்டது அதற்குத்தான்.

ஆனால் அந்தப் பம்பு அல்ல. அழுத்தம் அளவுக்கு மேல் போனால் காற்றைத் தானாக உள்ளே விடும் வால்வு அதில் இல்லை. ஆஸ்பிரினும் இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறவர், இதை வைத்துக்கொண்டால் கன்றிப்போகும் என்று வால்வு உள்ள ஒன்றை எழுதிக் கொடுத்தார். இதய டாக்டருக்கும் ஒரு கடிதம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9-க்கு மேல் இருந்தது. அதைக் குறைக்காமல் எதுவும் நிற்காது என்று சொல்லி அனுப்பினார். அடுத்த தடவை மனைவியையும் அழைத்து வாருங்கள், வளையத்தை எப்படிக் கழற்றுவது என்பதை இரண்டு பேரும் தெரிந்துகொள்ளவேண்டும் என்றார்.

திரும்பும்போது ஆண்டிபட்டி கணவாய் வரை அவர் பேசவில்லை. பிறகு, "அவகிட்ட எப்படி சார் ஆரம்பிக்கிறது?" என்றார். போன வாரம் போன் வந்தது. சர்க்கரை 7.8-க்கு இறங்கியிருக்கிறதாம். மனைவியும் வருகிறாராம், காய் எடுப்பு முடிந்ததும்.